சிராங்கூன் சாலையிலிருந்து செங்காங் வரை: சிங்கப்பூரின் குடியிருப்புப் பேட்டை உணவகமும் சுவையின் வரலாறும்

முன்னுரை

ஒரு சமூகத்தின் வரலாற்றைக் கல்வெட்டு, அரசு ஆவணம், இதழ், நாட்குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு எழுதுவது நம்மிடையே வேரூன்றிய வழக்கமாகும். அச்சமூகத்தினர் வீட்டுக்கு வெளியே எங்கே அமர்ந்து, எவருடன், எதை உண்டனர் என்னும் வினாவுக்கு அவ்வரலாறுகளில் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. விலைக்கு உணவு விற்பது தமிழர்க்குப் புதிய தொழிலன்று. அப்பம் சுட்டு விற்ற கூவியர் பெரும்பாணாற்றுப்படையிலும் சிலப்பதிகாரத்திலும் இடம்பெறுகின்றனர். எனினும், உறவினர் வீடு இல்லாத அயல்மண்ணில் குடியேறியவர்க்கு உணவுக்கடையே வீடாகவும் ஊராகவும் அமைந்தது. ஆகவே, புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றிய ஆய்வில் உணவகத்தை ஒரு சான்றாகக் கொள்வது பொருத்தமுடையதாகும்.

சிங்கப்பூரின் வடகிழக்கிலுள்ள செங்காங் நகரில், அடுக்குமாடிகளின் தரைத்தளத்திலும் காப்பிக்கடைகளிலும் இயங்கும் சிறிய இந்திய உணவகங்களை இக்கட்டுரை கருத்திற் கொள்கின்றது. இவற்றில் உண்டவர்கள் பொதுவாகக் கூறும் குறை ஒன்றுண்டு. ஒரு பண்டம் மிகச் சுவையாக இருக்கும். அதே இலையில் அடுத்து வரும் பண்டம் வாயில் வைக்க இயலாததாக இருக்கும். இவ்வேறுபாட்டைச் சமையற்காரரின் கைப்பிழை என்று கூறி முடித்துவிடுவது எளிது. ஆயின், அதன் பின்னே வீடமைப்புக் கொள்கை, தொழிலாளர் விதி, குடியேற்ற வரலாறு ஆகிய மூன்றும் செயற்படுகின்றன என்பது நம் கருத்து.

சிராங்கூன் சாலை: ஒரு கடை, ஒரு சுவை

சிங்கப்பூரின் பழைய இந்திய உணவகங்கள் ஒவ்வொன்றும் ஒரு வகை உணவால் அறியப்பட்டவை. 1908ஆம் ஆண்டு முதல் நார்த் பிரிட்ஜ் சாலையில், சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே இருந்துவரும் ஸம்ஸம் உணவகம் முர்தபாவுக்குப் பெயர் பெற்றது. 1924இல் தொடங்கப்பட்ட ஆனந்த பவனும், 1947 முதல் சிராங்கூன் சாலையில் நடைபெறும் கோமள விலாசும் சைவ உணவுக்கு உரியன. மீன் தலைக் கறியை 1949ஆம் ஆண்டளவில் கேரளத்தைச் சேர்ந்த எம். ஜே. கோமஸ் என்பார் அறிமுகப்படுத்தினார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. பின்னர் 1969இல் தோன்றிய முத்தூஸ் கறியும், 1974இல் தோன்றிய பனானா லீஃப் அப்போலோவும் அப்பண்டத்தை ரேஸ் கோர்ஸ் சாலையின் அடையாளமாகவே ஆக்கின.

இக்கடைகளால் ஒரே வகையில் ஊன்றி நிற்க முடிந்தமைக்குக் காரணம், வாடிக்கையாளர் செறிந்திருந்தமையே ஆகும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆடவர் அந்நாளைய இந்தியக் குடியேறிகளுள் மிகுதி. அவர்கள் தேக்கா வட்டாரத்திலும் துறைமுகத்தை ஒட்டியும் நெருங்கி வாழ்ந்தனர். நாள்தோறும் கடையில் உண்டனர். சைவர் ஒரு கடைக்கும், புலால் உண்போர் மற்றொரு கடைக்கும், முஸ்லிம்கள் வேறொரு கடைக்கும் சென்றாலும், ஒவ்வொரு கடைக்கும் போதிய கூட்டம் இருந்தது. ஒரு பண்டத்தை நாளொன்றுக்கு நூறு முறை செய்யும் கைக்கு அதன் பதம் தவறுவதில்லை. அவ்வகையில், நாம் இன்று பாரம்பரியச் சுவை எனப் போற்றுவது ஓரளவு மக்கள் செறிவின் விளைவேயாகும்.

செறிவு கலைந்த காலம்

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்ட பின் இச்செறிவு படிப்படியாகக் கலைந்தது. தெருவோர அங்காடிக்காரர்கள் 1968, 1969ஆம் ஆண்டுகளில் தீவு முழுவதும் பதிவு செய்யப்பட்டனர். 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்கள் கட்டப்பட்டு, அவர்கள் அவற்றுக்குள் இடம்பெயர்க்கப்பட்டனர். தேக்கா சந்தையும் 1982இல் புதிய கட்டடத்துக்கு மாறியது. ஜூஜியாவ் நிலையம் என்று பெயரிடப்பட்ட அது 2000ஆம் ஆண்டில்தான் தேக்கா நிலையம் என்னும் பெயரை மீண்டும் பெற்றது.

இவ்வரலாற்றில் 1989ஆம் ஆண்டு தனிக் கவனத்துக்குரியது. அவ்வாண்டில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்படும் மரபு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் நடைமுறைக்கு வந்தது. வீவக பேட்டைகளில் ஓரினத்தவர் மட்டும் திரண்டு வாழ்வதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். அதன்படி இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து ஓர் அக்கம்பக்கத்தில் 10 விழுக்காட்டையும், ஓர் அடுக்குமாடியில் 13 விழுக்காட்டையும் கடத்தல் கூடாது என வரையறுக்கப்பட்டது. 2010 மார்ச்சில் இவ்வரம்புகள் முறையே 12, 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டன. இனங்களிடையே நல்லுறவு வளர இக்கொள்கை துணைநின்றது என்பதில் ஐயமில்லை. எனினும், உணவக வரலாறு என்னும் கோணத்தில் நோக்கினால், இந்திய உணவின் மரபு ஓரிடத்தில் நிலைநிறுத்தப்பட்ட அதே ஆண்டில், அதை உண்போரின் வீடுகள் தீவெங்கும் பரவியிருப்பதற்கான விதியும் வகுக்கப்பட்டது எனலாம்.

செங்காங்கின் நிலை

சீன மொழியில் வளமான துறைமுகம் எனப் பொருள்படும் செங்காங், 1990களின் இறுதியில் மக்கள் குடியேறத் தொடங்கிய புதுநகர். அதற்கு முன் அப்பகுதியில் ரப்பர்த் தோட்டங்களும் பண்ணைகளும் கங்கர் என்னும் மீனவர் சிற்றூரும் இருந்தன. அக்கங்கரில்தான் அப்பர் சிராங்கூன் சாலை முடிவுற்றது என்பது குறிப்பிடத்தக்கது. கோமள விலாஸ் ஒரு முனையிலும் செங்காங் மறுமுனையிலும் அமைய, ஒரே நெடுவழியின் இருபுறங்களாகவே இவ்விரு வட்டாரங்களும் விளங்குகின்றன. 2003 ஜூனில் திறக்கப்பட்ட வடகிழக்குப் பெருவிரைவு ரயில் பாதையும் இவ்வழியையே ஒட்டிச் செல்கின்றது. செங்காங்கில் ஏறுபவருக்கு லிட்டில் இந்தியா இன்று ஒன்பதாவது நிலையம்.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி செங்காங்கில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் வாழ்ந்தனர். இத்துணைப் பெரிய நகர் எழுந்த காலம், அரசு புதிய உணவங்காடி நிலையங்கள் கட்டுவதை நிறுத்தியிருந்த காலமாகும். 1986க்குப் பின் நின்ற அப்பணியை மீண்டும் தொடங்கும் முடிவு 2011இல்தான் அறிவிக்கப்பட்டது. செங்காங்கின் முதல் உணவங்காடி நிலையம் ஃபெர்ன்வேலில் 2022இல் திறக்கப்பட்டது. ஆகவே, இருபதாண்டுக்கு மேலாக அந்நகர மக்களின் அன்றாட வெளியுணவுத் தேவையைக் கடைத்தொகுதிகளும், காப்பிக்கடைகளும், அடுக்குமாடிக்குக் கீழுள்ள சிற்றுணவகங்களுமே நிறைவு செய்துவந்தன. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்த்தொற்று முறியடிப்புத் திட்டம் நடப்பிலிருந்தபோது, வீட்டுக்கு அருகிலிருந்த அக்கடைகளின் தேவையைப் பலரும் புதிதாக உணர்ந்தனர்.

உணவுப்பட்டியல் என்னும் ஆவணம்

இத்தகைய கடை ஒன்றைப் பெயர் சுட்டாமல் எடுத்துக்கொள்வோம். நாம் அங்கே உணவருந்தச் சென்ற மாலையில், சுவரில் நடராசர் படமும், அதன் பக்கத்தில் சீனப் புத்தாண்டு முடிந்து பல மாதங்களாகியும் கழற்றப்படாத சிவப்பு விளக்குகளும் தொங்கின. தொலைக்காட்சியில் காற்பந்தாட்டம், ஒலிபெருக்கியில் இளையராசாவின் இசை. உணவுப்பட்டியலில் தோசையும் நானும், மீன் தலைக் கறியும் மீ கோரிங்கும், கொத்துப் பரோட்டாவும் கோழிக்கட்லெட்டும் அடுத்தடுத்து இருந்தன. ஆட்டு எலும்பு ரசம் மிளகு மணக்க மிகச் சிறப்பாக இருந்தது, பரோட்டாவும் அவ்வாறே. தோசையோ தடித்து, எண்ணெய் ஊறி வந்தது. நான் தோல் போல் இழுபட்டது. சாம்பாரில் இனிப்பு மேலோங்கியிருந்தது.

இக்கலவை நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயின், அது ஒரு கணக்கின் விடையாகும். குடியிருப்போருள் பத்தில் ஒரு பங்கினரை மட்டும் நம்பி ஒரு கடை வாடகை கொடுக்க இயலாது. தமிழர், வட இந்தியர், மலாய்க்காரர், சீனர் எனச் சுற்றிலும் வாழும் அனைவரையும் அது அழைத்தாக வேண்டும். சிவப்பு விளக்கு ஓர் அழைப்பு. மீ கோரிங் ஓர் அழைப்பு. நான் ஓர் அழைப்பு. சிராங்கூன் சாலையில் ஐந்து கடைகள் பகிர்ந்துகொள்ளும் பணியைப் பேட்டைக் கடை ஒன்றே ஏற்கின்றது.

சுவை சீராக அமையாமைக்கு அடுப்பங்கரையிலேயே விளக்கம் கிடைக்கின்றது. தோசை மாவு முதல்நாள் அரைத்துப் புளிக்க வைக்கப்படுவது. விற்பனை குறைந்தால் மறுநாள் புளிப்பேறிவிடும். அதை அஞ்சிக் குளிரூட்டியில் வைத்தால் பதம் மாறும். பரோட்டா மிகுந்த எண்ணெயில் வேகும். தோசைக்கோ எண்ணெய் துடைத்த, நீர் தெளித்துச் சூடு தணித்த கல் வேண்டும். ஒரே கல்லில் ஒரே ஆள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுடும்போது, குறைவாகக் கேட்கப்படும் பண்டமே கெடுகின்றது. நான் சுடும் தந்தூரி அடுப்பு ஒரு நானுக்கும் ஐம்பது நானுக்கும் ஒரே சூட்டில் எரிய வேண்டியது. வேண்டுவோர் குறைந்த நாளில் அடுப்பின் சூடும் குறைகின்றது. இதனால் ஓர் உண்மை புலனாகின்றது. ஒரு கடையில் எது சுவையாக உள்ளதோ அதையே அப்பேட்டை மக்கள் நாள்தோறும் கேட்கின்றனர். எது சுவையற்றுள்ளதோ அது எவரையும் விலக்காதிருக்கும் பொருட்டுப் பட்டியலில் நிறுத்தப்பட்டது. சுவையின் ஏற்றத்தாழ்வு அவ்வட்டாரத்தின் உண்ணும் வழக்கத்தைக் காட்டும் வரைபடம் எனலாம்.

சமைக்கும் கைகள்

மற்றொரு காரணம் ஆள் பற்றாக்குறை. சேவைத் துறையில் சாதாரண வேலை அனுமதிச் சீட்டின் கீழ் இந்தியாவிலிருந்து சமையற்காரரை வரவழைக்க நெடுங்காலம் வழியில்லை. 2004இல் அறிமுகமான எஸ் பாஸ் அனுமதிக்கு உயர்ந்த ஊதியம் தேவைப்பட்டது. சிறு கடைகள் மலேசியரையும் உள்ளூர் முதியோரையும் உரிமையாளரின் உறவினரையும் சார்ந்திருந்தன. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையற்காரரை வேலை அனுமதிச் சீட்டில் அமர்த்த மனிதவள அமைச்சு இசைவளித்தது. எனினும், குறைந்தது 2,000 வெள்ளி ஊதியம் அளிக்க வேண்டும் என்றும், அத்தகையோர் மொத்த ஊழியருள் 8 விழுக்காட்டைக் கடத்தல் கூடாது என்றும் விதிக்கப்பட்டது. பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் 8 விழுக்காடு என்பது ஒருவரைக்கூட எட்டாத எண். பல கிளைகளையுடைய பெருநிறுவனங்களுக்கே அச்சலுகை மிகுதியும் பயன்படக்கூடியது.

இந்நிலையில், சமைப்பவர் மாறினால் கடையின் சுவையும் மாறுகின்றது. சென்ற ஆண்டு செட்டிநாட்டு மசாலா மணத்த குழம்பில் இவ்வாண்டு பினாங்கின் கைப்பக்குவம் தெரிகின்றது. வாடிக்கையாளர் இதனைத் தரக்குறைவு என்பர். வரலாற்று மாணவர்க்கு அது, யார் எங்கிருந்து வந்து எத்துணைக் காலம் தங்கினர் என்பதைக் கூறும் குறிப்பாகும். இத்தனை காரணங்களையும் மீறிக் கவனக்குறைவால் கெடும் உணவும் உண்டு. அதற்கு வரலாற்றைத் துணைக்கழைக்க வேண்டியதில்லை. ஆயின், கெட்ட சாம்பார் எல்லாவற்றையும் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவோமாயின், சான்று ஒன்றை இழந்தவராவோம்.

மொழியும் உணவகமும்

தமிழாசிரியர்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி ஒன்று இங்கு உளது. சிங்கப்பூரில் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காட்டினராக இருந்தனர். 2020இல் அவ்விகிதம் 2.5 ஆகக் குறைந்தது. பேட்டையில் வளரும் மாணவனுக்கு வகுப்பறைக்கும் கோயிலுக்கும் வெளியே தமிழ் காதில் விழும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று இவ்வுணவகம். கல்லடியில் நிற்பவரும் மேசை துடைப்பவரும் தமக்குள் பேசும் தமிழ், பாடநூலில் இல்லாத வினைகளையும் உறவுமுறைச் சொற்களையும் உடையது. 'அண்ணே, முறுகலா ஒன்னு' என்று கேட்கத் தெரிந்த சிறுவன், பொருள் வாங்குவதோடு ஒரு மொழிச் சமூகத்துக்குள்ளும் நுழைகின்றான்.

ஆனால், மேசையிலுள்ள சதுரக் குறியீட்டைக் கைப்பேசியால் படம்பிடித்து ஆங்கிலப் பட்டியலில் விரலால் தொடும் முறை பரவிவருகின்றது. அதன்பின் அச்சிறுவன் வாய்திறக்க வேண்டிய தேவையே இராது. ஆள் பற்றாக்குறையுள்ள கடைக்காரர் அம்முறையை நாடுவதில் குறைகாண இயலாது. எனினும், அதனால் இழக்கப்படுவது இன்னதென நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முடிவுரை

சிராங்கூன் சாலையின் பழைய உணவகங்களைப் பற்றி நூல்களும் நினைவுக் குறிப்புகளும் உள்ளன. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடு யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றதும் நாம் மகிழத்தக்கது. பேட்டை உணவகமோ இவ்விரண்டு பெருமைக்கும் இடையில் நிற்பது. அது மரபு வட்டாரத்தில் இல்லை. பெரும்பாலும் உணவங்காடி நிலையத்திலும் இல்லை. வாடகை ஒப்பந்தம் முடியும் நாளில் பெயர்ப்பலகை இறங்கும். உணவுப்பட்டியல் குப்பைக்குச் செல்லும். சமைத்தவர் வேறிடம் போவார். இன்றைய தமிழ்க் குடும்பங்களுள் மிகப் பலவற்றின் ஞாயிற்றுக்கிழமை மாலை கழிந்தது அங்கேதான் என்பதற்குச் சான்று எதுவும் எஞ்சாது.

1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்றுப் பிரிவு சிங்கப்பூரின் பல்துறை நினைவுகளைப் பதிந்துள்ளது. அம்முயற்சியின் வழியில் நம் மாணவர்களும் தத்தம் பேட்டையிலுள்ள கடை ஒன்றைத் தேர்ந்து, பழைய உணவுப்பட்டியல்களைத் திரட்டி, பெயர்ப்பலகையைப் படமெடுத்து, சமைப்பவரோடு தமிழில் உரையாடிப் பதிவு செய்யலாம். அப்பதிவில் சுவையான பண்டத்தோடு சுவைகெட்ட பண்டமும் இடம்பெற வேண்டும். அது ஏன் பட்டியலில் நிற்கின்றது என்று கடைக்காரரையே வினவுதல் வேண்டும். அவ்விடைகள் தொகுக்கப்படுமாயின், தீவெங்கும் பரந்து வாழும் ஒரு சமூகம் அண்டை அயலாரோடு எவ்வாறு பந்தியைப் பகிர்ந்துகொண்டது என்பதை நம்மால் எழுத இயலும்.