முப்பது வருஷத்து வில்லங்கம்

அடுக்குமாடியில் வீடு வாங்கப் போகிறவரிடம் வக்கீல் முதலில் கேட்பது முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று. அதோடு தாய்ப்பத்திரம், பட்டா, கட்டட அனுமதி. இவை சரியாக இருந்தால் 'டைட்டில் கிளியர்' என்று எழுதித் தந்துவிடுகிறார். வங்கி கடன் கொடுக்கிறது. முப்பது வருஷம் என்பது பலருக்கும் வசதியான எல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் பத்திரம் இருக்கிறது, முத்திரைத்தாள் இருக்கிறது, சாட்சிக் கையெழுத்து இருக்கிறது. செங்கல்பட்டுச் சீமையில் நம் ஜனங்களின் நிலம் கைமாறிய கதை பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கத்தில் நடந்து முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய மகாபலிபுரம் சாலைக்கு இப்போது ராஜீவ் காந்தி சாலை என்று பெயர். ஜனங்கள் ஓ.எம்.ஆர். என்கிறார்கள். கேளம்பாக்கம் பக்கம் உப்பளம், மற்ற இடங்களில் சவுக்கும் ஏரிப் பாசனத்து நெல்லும் என்று இருந்த சீமை இது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா வந்தது. சிறுசேரியில் சிப்காட் வந்தது. துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், படூர் என்று கட்டடங்கள் தெற்கே நடந்தன. ஏக்கர் கணக்கு போய் கிரவுண்டு வந்தது. கிரவுண்டு போய் சதுர அடி வந்தது. கடைசியில் வந்தது யு.டி.எஸ். என்கிற பிரிக்கப்படாத பாகம். வீடு வாங்குகிறவருக்கு மண்ணில் ஒரு பங்கு உண்டு, ஆனால் எது அவர் மண் என்று காலை ஊன்றிக் காட்ட முடியாது. நம்மிடமிருந்து பறிபோனபோது அந்த மண்ணுக்கு நான்கு எல்லை இருந்தது, வரப்பு இருந்தது, சர்வே எண் இருந்தது.

நூற்று முப்பது வருஷத்துக்கும் மேலே பின்னோக்கிப் போக வேண்டும். 1891 அக்டோபரில் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சேரியில் எல்லோருக்கும் தெரிந்ததைக் காகிதத்தில் ஏற்றினார். தரிசு நிலத்துக்கு நம் ஆள் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை. குடிசை போட்டிருக்கும் மண்ணும் மிராசுதாருடையது. கூலி கூட்டிக் கேட்டாலோ, வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனாலோ குடிசையைக் காலி பண்ணு என்பார்கள். உழுகிறவனுக்கு நிற்கவே மண் கிடையாது என்பதுதான் இந்தச் சீமையின் வருவாய் நிர்வாகம். வெள்ளைக்காரன் அதற்கு நூறு வருஷமாகக் காவல் நின்றான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்த அறிக்கையை அடுத்து 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தரிசு நிலங்களை நிபந்தனையோடு ஒப்படை செய்ய வழி பிறந்தது. முதல் பத்து வருஷம் விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ கூடாது. பத்து வருஷம் கழித்தும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கொடுக்கலாம், மற்றவருக்குக் கூடாது. மீறினால் அரசு இழப்பீடு தராமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் பஞ்சமி நிலம். கணக்குப் புத்தகத்தில் டி.சி. நிலம். மாகாணம் முழுவதும் இப்படி 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாக நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன.

சர்க்கார் தானாக மனமிரங்கிக் கொடுத்தது என்று இதைப் படித்தால் பாதிதான் புரியும். அந்த வருஷங்களில் நம் தரப்பில் குரல் எழும்பிவிட்டது. 1891இல் அயோத்திதாசர் நீலகிரியில் மாநாடு கூட்டினார். இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லித் திட்டினார்களோ அந்தப் பெயரையே பத்திரிகைக்கு வைத்த காலம் அது. நிலம் அந்தக் காலத்தில்தான் வந்தது.

வந்த நிலம் எப்படிப் போனது? எங்கள் ஊர் சர்வே எண்கள் சில வழக்கில் இருப்பதால் ஊர்ப் பெயரை எழுதவில்லை. என் தாத்தாவுக்கு 1920களில் ஒப்படையான நிலம் ஒரு ஏக்கர் சொச்சம். அது போன விதத்தை என் அத்தை சொல்வதை அப்படியே தருகிறேன்:

"எரநூறு ரூவா வெதைக் கடன்டா. அதுக்குத்தான் உங்க தாத்தன் கைநாட்டு வெச்சாரு. பத்திரத்துல என்னா எழுதினானோ, யாரு கண்டா? மறு வருசம் ஏர் பூட்டிக்கினு போனா, 'இது எங்க நெலம், நீ கூலிக்கு ஓட்டு'ன்னுட்டான். உங்க தாத்தன் மூணு நாளு சோறு திங்கல. நாலாம் நாளு அதே நெலத்துல கூலிக்கு ஓட்டுனாரு. வேற என்னா பண்ணுவாரு?"

இந்தக் கைநாட்டு சட்டப்படி செல்லாது. நிபந்தனையை மீறி நடந்த கிரயம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் நிபந்தனை எழுதிய பதிவேடு கர்ணத்தின் கையில் இருந்தது. கடன் கொடுத்தவனும் கர்ணமும் ஊரில் ஒரே தெருவில் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1979இல் யு.டி.ஆர். என்கிற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. எண்பதுகளில் ஊர் ஊராகப் புதிய 'அ' பதிவேடு எழுதினார்கள். அனுபவத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்துப் பெயர் ஏற்றினார்கள். பழைய பதிவேட்டில் குறிப்புக் கலத்தில் இருந்த 'டி.சி. நிபந்தனை' என்ற வார்த்தைகள் பல ஊர்களில் புதிய பதிவேட்டுக்கு வந்து சேரவே இல்லை. ஒரு கலத்தை நிரப்பாமல் விட்டார்கள், அவ்வளவுதான். யாரையும் அடிக்கவில்லை, குடிசையைக் கொளுத்தவில்லை. கணினியில் இன்று தெரிகிற பட்டா அந்தப் புதிய பதிவேட்டின் வாரிசு. அதற்குப் பிறகு பவர் பத்திரம், அதன் மேல் கிரயம், அதன் மேல் கூட்டு ஒப்பந்தம், அதன் மேல் அனுமதி, அதன் மேல் பதினான்கு மாடி. முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று போட்டால் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும்.

என் மகள் சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். சில வருஷங்களுக்கு முன்னால் அந்தச் சாலையில் ஒரு வீடு பார்த்து முன்பணம் கட்டும் நிலைக்கு வந்தாள். வக்கீல் கடிதம் தயாராக இருந்தது. பத்திரப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மூத்தது 1986ஆம் வருஷத்துக் கிரயம். அதற்கு முந்தியது எங்கே என்று கேட்டேன். "அவ்ளோ பின்னாடி யாரும் கேக்கறதில்ல சார்" என்றார் விற்பனைப் பையன். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே யாரும் கேட்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தாலுகா அலுவலகத்துக்கு எழுதிப் போட்டு, யு.டி.ஆருக்கு முந்திய பதிவேட்டின் நகலை வாங்கினேன். நான்கு சர்வே எண்களில் ஒன்றுக்கு எதிரே அந்தக் குறிப்பு இருந்தது. பட்டாதாரர் பெயருக்குப் பின்னால் சாதிப் பெயரும் இருந்தது. நம் ஆள்தான்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மண்ணை நிபந்தனைக்குட்பட்டு வாங்கத் தகுதியுள்ளவள் என் மகள்தான். மற்றவருக்குத் தகுதி இல்லை. ஆனால் அவளுக்குக் கிடைக்கிற பாகம் பிரிக்கப்படாத பாகம். தகுதி இல்லாத நூற்றுக்கணக்கான பேரோடு கலந்த பாகம். தனக்கு உரிமையான நிலத்தை உரிமையோடு வாங்க முடியாதபடி அதன் மேல் கட்டடம் நிற்கிறது. அவள் வாங்கவில்லை.

"அப்ப நான் எங்கதாம்பா போறது? திரும்ப காலனிக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் குடியிருக்கும் இடம் என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னார். ஊர், சேரி என்று பிரிக்காத குடியிருப்பு வேண்டும் என்கிற ஆசையில்தான் நம் பிள்ளைகள் அடுக்குமாடிக்குப் போகிறார்கள். அந்த ஆசையைப் பழிக்கிறவன் சேரியில் வாழ்ந்தவனாக இருக்க மாட்டான். ஆனால் அங்கேயும் வாசலில் ஒரு கேள்வி நிற்கிறது. "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?" வெளிநாட்டில் படித்துவிட்டு 1917இல் பரோடாவில் வேலைக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியைக் காட்டி வெளியேற்றினார்கள். இன்று யாரும் தடியைக் காட்டுவதில்லை. "ஓனர் வேற பார்ட்டிக்குக் குடுத்துட்டாரு" என்று தரகர் போன் பண்ணுகிறார்.

கட்டடக் கம்பெனிகள் அச்சடிக்கும் வண்ணப் படங்களைப் பாருங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மால் எத்தனை நிமிஷம் என்று போட்டிருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனி படத்தில் இருக்காது. அங்கிருந்துதான் காலையில் வீட்டு வேலைக்கும் குப்பை அள்ளவும் பெண்கள் வருகிறார்கள்.

இதே சாலையில் இன்னொரு வகை அடுக்குமாடியும் இருக்கிறது. நகரத்தின் ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடிசைகளிலிருந்து பிடுங்கப்பட்டவர்களை 2000 முதல் கண்ணகி நகருக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு லாரி லாரியாக ஏற்றி வந்ததைப் பார்த்தோம். வந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கண்ணகி நகரின் ஆரம்ப வீடுகள் 195 சதுர அடி. பக்கத்துத் தனியார் குடியிருப்பில் அது ஒரு படுக்கையறை. இவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை, விற்பனைப் பத்திரம் அல்ல. குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயரை மாற்றினார்கள். கிராமத்தில் நிலத்தை இழந்து நகரத்துக்கு ஓடியவர்களின் பேரப்பிள்ளைகளை, கிராம நிலம் நகரமாகிவிட்ட இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து, மண்ணில்லாமல் மாடியில் வைத்திருக்கிறார்கள். மிராசுதாரின் மண்ணில் குடிசை போட்டவனுக்கும் வாரியத்தின் மாடியில் இருப்பவனுக்கும் சட்டத்தில் எவ்வளவு தூரம் என்று தோழர்கள் யோசிக்க வேண்டும்.

இந்தச் சீமையில் யாரும் கேட்காமல் இல்லை. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரை விட்டார்கள். தமிழ்நாட்டில் அடுக்குமாடி உரிமையாளருக்கென்று முதலில் வந்த சட்டத்தின் பெயரிலும் 1994 என்ற வருஷம்தான் இருக்கிறது. அதன் இடத்தில் 2022இல் புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள். மாடிக்கு இரண்டு சட்டம் வந்தாகிவிட்டது. மண்ணுக்காகச் செத்தவர்கள் கேட்டது இன்னும் கோப்பில் கிடக்கிறது.

என்ன செய்யலாம்? கடன் வாங்கி வீடு வாங்கிய குடும்பங்களைத் தெருவில் தள்ளு என்று நாம் கேட்கவில்லை. வீட்டை விட்டுத் துரத்தப்படுவது என்னவென்று நமக்குத் தெரியும். கேட்பது இதுதான். யு.டி.ஆருக்கு முந்திய பதிவேடுகள் அனைத்தையும், குறிப்புக் கலத்தோடு, எல்லோரும் பார்க்கும்படி அரசு வெளியிட வேண்டும். டி.சி. சர்வே எண்கள் ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட எண்ணில் இனி ஒரு கிரயமும் பதியக் கூடாது. ஏற்கெனவே கட்டடம் எழும்பிய இடத்தில், லாபம் எடுத்த கம்பெனியிடமிருந்து அதே மதிப்புக்கு நிலம் வாங்கி ஒப்படைதாரரின் வாரிசுகளுக்குத் தர வேண்டும்.

அதுவரை நம் மாணவர்கள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவேடு ஒன்று, யு.டி.ஆர். பதிவேடு ஒன்று, இரண்டு நகலும் வாங்குங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண் எண்ணாகப் படியுங்கள். எந்தக் கலம் காலியாக இருக்கிறதோ, அங்கே சேரிக் கிழவிகளை உட்கார வைத்துப் பேச விடுங்கள். பதிவேடு விட்டதை அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள்.