நான்கு தந்தி, நான்கு குரல்

ராக் குழுவில் பாஸ் கிட்டார் வாசிப்பவரை லேசில் யாரும் கவனிப்பதில்லை. நம் கச்சேரியில் தம்புரா மாதிரி. நின்றால்தான் அருமை தெரியும்.

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவில் ஃபில் லெஷ் அதை மாற்றினார். 1974-இல் அவர் வாசித்தது, கலிஃபோர்னியாவின் அலெம்பிக் பட்டறை அவருக்கென்றே செய்த வாத்தியம். வாத்தியம் செய்பவரைப் பிரெஞ்சில் 'லுத்தியே' என்பார்கள். இங்கே லுத்தியேயோடு மின்னணு நிபுணரும் சேர்ந்து உழைத்தார். உடம்பெல்லாம் திருகுகள், பொத்தான்கள். நான்கு தந்திகளின் நாதமும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனி ஒலிபெருக்கிகளுக்குப் போகும்.

செலவும் சுமையும் தாங்காமல் அந்தப் பிரம்மாண்ட ஒலியமைப்பை அவ்வாண்டு அக்டோபரோடு கைவிட்டார்கள். ஆனால் மேடையில் லெஷ் நிற்கும் பக்கத்துக்கு ரசிகர்களிடையே 'ஃபில் ஸோன்' என்றே பெயர் நிலைத்தது. லெஷ் 2024-இல் காலமானார்.

திருகுகளையும் பொத்தான்களையும் பார்த்து மட்டும் அவர்கள் வியக்கவில்லை. பின்னால் நின்றவரின் ஒவ்வொரு தந்தியும் காதில் விழுந்ததே, அதற்காகத்தான்.