தந்திச் சட்டமும் இணையமும்

2013 ஜூலையில் இந்திய நாட்டின் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. ஆயினும் 2017இல் இணையத்தை முடக்குவதற்கான விதிகளை வகுத்தபோது, அரசு துணைக்கொண்டது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தையே. தந்தியே வழக்கொழிந்த பின் இஃது எவ்வாறு இயலும்? இதன் வரலாறு நம் சிந்தனைக்குரியது.

1857 மே 11ஆம் நாள் டெல்லியிலிருந்து அம்பாலாவுக்குச் சென்ற தந்தி, கிளர்ச்சிச் செய்தியைப் பஞ்சாபின் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு விரைந்து அறிவித்தது. தந்திக் கம்பி தம் கையில் இருப்பதன் பயனை ஆட்சியாளர் பின்னர் மறக்கவில்லை. 1885 சட்டத்தின் 5ஆம் பிரிவு, ‘பொது நெருக்கடி’, ‘பொதுப் பாதுகாப்பு’ என்னும் காரணங்களுக்காகச் செய்திகளை இடைமறிக்கவும் நிறுத்தவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. ‘தந்தி’ என்பதற்கு அச்சட்டம் தந்த வரைவிலக்கணமோ மிக விரிந்தது. தொலைபேசி தொடக்கத்திலேயே அதனுள் அடங்கிற்று; பிற்காலத் திருத்தங்களால் வானொலி அலைகளும் அடங்கின; இறுதியில் இணையமும் வந்து சேர்ந்தது.

ஃபிக்ஹு பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. மதுவிலக்கின் ‘இல்லத்’ போதையே எனக் கண்டு, பிற போதைப் பொருள்களுக்கும் அவ்விதியை நீட்டுவதைக் ‘கியாஸ்’ என்கிறோம். அங்கே முதலில் ஆராயப்படுவது இல்லத். 1885 சட்டத்தின் இல்லத் யாது? ஆளப்படுவோர்மீது அந்நிய ஆட்சி கொண்டிருந்த ஐயமே என்பது நம் கருத்து. கருவியோடு கருவியை ஒப்பிட்டுச் சட்டத்தை நீட்டியோர் இதனை ஆராய்ந்திலர்.

அப்பணி நீதிமன்றத்தின்பால் வந்தது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 5ஆம் பிரிவை நீக்கவில்லை. உள்துறைச் செயலாளரின் ஆணையும் மறுஆய்வுக் குழுவும் வேண்டும் என வரம்பு கட்டியது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையம் முடக்கப்பட்டது. அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று, காலவரையற்ற முடக்கம் கூடாது, ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் இணைப்பை உடனே மீட்டுத்தர அஃது ஆணையிடவில்லை. அதிவேகக் கைப்பேசி இணையம் காஷ்மீர் முழுமைக்கும் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான். அதுவரை வணிகரும் மாணவரும் பட்ட இடர்ப்பாட்டை எந்தத் தீர்ப்பால் ஈடுசெய்வது?

2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன்கீழ் 2024 நவம்பரில் வந்த விதிகள், முடக்க ஆணைகளைக் காரணம் காட்டி வெளியிட வேண்டும் என்கின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் அச்சட்டத்தின் 20ஆம் பிரிவைப் பார்த்தால், 1885இன் ‘பொது நெருக்கடி’யும் ‘பொதுப் பாதுகாப்பு’ம் அவ்வாறே இடம்பெற்றிருக்கக் காண்கிறோம்.