மின்சிகரெட் மாற்றியமைப்பின் வரலாறு

மின்சிகரெட் மாற்றியமைப்பு என்பது, கடையில் வாங்கிய மின்சிகரெட்டின் மின்கலம், கம்பிச்சுருள், திரி, இணைப்பு மரை ஆகியவற்றைப் பயனர்களே மாற்றிய முயற்சியைக் குறிக்கும். பாகங்கள் நன்றாகப் பொருந்த வேண்டும், ஆவி கூடுதலாக வர வேண்டும் என்பவையே அதன் நோக்கங்கள். அவ்வாறு மாற்றிய கருவி ‘மோட்’ எனப்பட்டது. 2000-களின் பிற்பகுதியில் மேலைநாடுகளில் தொடங்கிய இப்பழக்கம் சில ஆண்டுகளிலேயே தனித் தொழிலாக வளர்ந்தது. இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட்டை விற்பது மட்டுமன்றி, அதன் பாகங்களைச் செய்வதும் குற்றமாகும். லேத் பட்டறைகள் நிறைந்த கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் தொழில் பயிலும் மாணவர்கள் இவ்வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

முன்னோடிகள்

அமெரிக்காவில் ஜோசப் ராபின்சன் என்பவர் மருந்தை மின்சாரத்தால் ஆவியாக்கி உள்ளிழுக்கும் கருவி ஒன்றுக்கு 1930-இல் காப்புரிமை பெற்றார். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் புகையும் புகையிலையும் இல்லாத சிகரெட் ஒன்றை வடிவமைத்து 1963-இல் விண்ணப்பித்து, 1965-இல் காப்புரிமை பெற்றார். அது சந்தையில் நிலைபெறவில்லை.

இன்றைய மின்சிகரெட்டை 2003-இல் உருவாக்கியவர் சீன மருந்தாளுநர் ஹோன் லிக். இவர் கடுமையான புகைப்பழக்கம் உடையவர். இவருடைய கருவி நிக்கோட்டின் கலந்த நீர்மத்தை மீயொலி அதிர்வால் நுண்துளிகளாக்கியது. பின்னர் வந்தவை சூடேறும் கம்பிச்சுருளைப் பயன்படுத்தின. 2004-இல் சீனாவில் விற்பனை தொடங்கியது. 2006, 2007 ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது.

மாற்றம் ஏன் தேவைப்பட்டது?

தொடக்ககால மின்சிகரெட் உண்மையான சிகரெட்டின் அளவிலேயே செய்யப்பட்டது. அதனுள் சிறிய மின்கலம், ஆவியாக்கி, நீர்மத்தில் ஊறிய செயற்கை நாரைக் கொண்ட குப்பி என மூன்று பாகங்கள் இருந்தன. சிறிய மின்கலம் விரைவில் தீர்ந்தது. நாரிலிருந்து நீர்மம் சீராக வராதபோது கம்பி வறண்டு, தீய்ந்த சுவை வந்தது. ஒரு நிறுவனத்தின் குப்பி மற்றொன்றின் ஆவியாக்கியில் சரியாக அமரவில்லை.

பயனர்கள் எளிய வழிகளைத் தேடினர். சிலர் நாரை எடுத்துவிட்டுத் தேநீர்ப் பையின் துணியைச் சுருட்டி வைத்தனர். சிலர் குப்பியை நீக்கிவிட்டு நீர்மத்தைச் சொட்டுச் சொட்டாகக் கம்பிச்சுருளின் மீதே விட்டனர். 2008-இல் பிரிட்டனில் டெட் ரோஜர்ஸ், மேட் ரோஜர்ஸ் ஆகியோர் ‘ஸ்குரூடிரைவர்’ என்னும் மோடை உருவாக்கினர். மின்கலம் பெரியதாக இருந்ததால் அது பல மணி நேரம் இயங்கியது. சிகரெட்டைப் போலத் தோன்ற வேண்டும் என்ற கட்டாயம் இத்தகைய கருவிகளால் முடிவுக்கு வந்தது.

மரையும் மின்கலமும்

பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தப் பொது அளவு தேவைப்பட்டது. ஜாய்டெக் நிறுவனத்தின் ‘510’ என்னும் மாதிரியில் இருந்த மரையே அந்தப் பொது அளவாயிற்று. அதன் விட்டம் 7 மில்லிமீட்டர். அடுத்தடுத்த புரிகளுக்கு இடைப்பட்ட தொலைவு 0.5 மில்லிமீட்டர். எந்த நிறுவனத்தின் ஆவியாக்கியையும் எந்த மின்கலப் பெட்டியிலும் திருக முடிந்தது. மின்கலத்திற்கு ‘18650’ வகை லித்தியம் கலம் பரவலாயிற்று. 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட இக்கலம் மடிக்கணினிகளில் பயன்பட்டதே.

ஆவியின் கணக்கு

அடுத்த கட்டமாகப் பயனர்கள் கம்பிச்சுருளைத் தாமே சுற்றத் தொடங்கினர். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தால் கம்பியும் பருத்தித் திரியும் இதற்குப் பயன்பட்டன. இதன் அடிப்படை பள்ளிப் பாடத்தில் வரும் ஓம் விதியே. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும். 3.7 வோல்ட் கலத்தில் 1.8 ஓம் கம்பிச்சுருளை இணைத்தால் திறன் ஏறத்தாழ 7.6 வாட், மின்னோட்டம் சுமார் 2 ஆம்பியர். அதையே 0.2 ஓம் ஆக்கினால் திறன் 68 வாட்டைத் தாண்டும், மின்னோட்டம் 18.5 ஆம்பியராகும். ஆவி பெருகும். ஆனால் அதே அளவுக்குக் கலத்தின் சுமையும் கூடுகிறது.

இவற்றுள் ‘மெக்கானிக்கல் மோட்’ எனப்பட்டவற்றில் பாதுகாப்பு மின்சுற்றே இல்லை. வெறும் உலோகக் குழாய், கலம், பொத்தான் அவ்வளவே. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் கலம் கட்டுக்கடங்காமல் சூடேறி வெடிக்கக்கூடும். மூடிய குழாயில் வாயு வெளியேற வழியில்லாவிட்டால் கேடு இன்னும் பெரிது. அமெரிக்காவில் 2018-இல் ஃபுளோரிடாவிலும் 2019-இல் டெக்சாசிலும் கருவி வெடித்துப் பயனர்கள் உயிரிழந்தனர்.

இதற்கு மாற்றாக மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சில்லுகள் வந்தன. அமெரிக்காவின் எவால்வ் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ‘டிஎன்ஏ 40’ சில்லு, நிக்கல் கம்பி சூடேறும்போது அதன் மின்தடை கூடுவதைக் கொண்டு வெப்பநிலையை அளந்தது. அதே 2014-இல் ‘வேப்’ என்பதை ஆக்ஸ்போர்டு அகராதி ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

உடல்நலக் கேள்விகள்

2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 3.3 வோல்ட்டில் காணப்படாத ஃபார்மால்டிஹைடு தொடர்பான பொருள்கள் 5 வோல்ட்டில் உருவாயின என்று அது கூறியது. அத்தனை சூட்டில் எவரும் இழுக்கமாட்டார் எனச் சிலர் மறுத்தனர். எனினும் சூடு மாறினால் உள்ளே செல்லும் பொருளும் மாறும் என்பது தெளிவாயிற்று. 2019-இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். கஞ்சாவின் வேதிப்பொருள் கொண்ட நீர்மங்களில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட் இதற்கு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது.

சட்டங்கள்

ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் நீர்மக் கொள்கலனின் அளவை 2 மில்லிலிட்டராகவும், நிக்கோட்டினை ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமாகவும் வரையறுத்தது. தமிழ்நாடு அரசு 2018-இல் மின்சிகரெட்டைத் தடை செய்தது. நடுவண் அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் அதை முழுச் சட்டமாக்கியது. நிக்கோட்டின் இல்லாத கருவிகளும் இதில் அடங்கும். தயாரித்தல், இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதன்முறை ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுமுறை என்றால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விற்பனை நோக்கில் இருப்பு வைப்பதும் குற்றமே.

கொங்கு நாட்டுத் தொடர்பு

கொங்கு நாட்டுக்குப் புகையிலை புதிதன்று. கோபிசெட்டிபாளையம், பவானி, சத்தியமங்கலம் வட்டாரங்களில் மெல்லும் புகையிலை பயிராகிறது. பொறித்தொழிலும் இம்மண்ணுக்கு நெருக்கமானது. 1937-இல் ஜி. டி. நாயுடுவின் முயற்சியில் பீளமேட்டில் மின்மோட்டார் உருவானது முதல், பழைய பொருளைக் கழற்றிப் பார்த்து, பொருந்தாத பாகத்தைக் கடைந்து பொருத்துவது கோவைப் பட்டறைகளின் அன்றாட வேலையாக இருந்துவருகிறது. 7 மில்லிமீட்டர் மரை வெட்டுவது தேர்ந்த லேத் தொழிலாளிக்குப் பெரிய வேலையன்று.

ஆனால் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தயாரித்தல் என்பதற்குத் தரப்பட்ட விளக்கம், முழுக் கருவியோடு ‘அதன் எந்தப் பாகத்தையும்’ செய்தல், ஒன்றுசேர்த்தல் ஆகியவற்றையும் உள்ளடக்குகிறது. வேறு நாட்டில் பொழுதுபோக்காக வளர்ந்த கைவேலை, இங்கே வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார் என்பதற்காகச் செய்து கொடுத்தாலும் வழக்குக்கு இடமாகலாம். பம்பு, மோட்டார், நெசவு எந்திரம் எனக் கடைவதற்குக் கொங்கு நாட்டில் எத்தனையோ பாகங்கள் உள்ளன. பட்டறைக்கு வரும் துண்டு எந்தக் கருவிக்கானது என்று முதலில் கேட்டறிவது தொழில் பழகுவோருக்குப் பாதுகாப்பு.