அஞ்சினானைக் காண்டல்: திகில் படமும் பார்வையாளர் நிற்கும் இடமும்

1999 ஜூலையில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ திகில் பட ஆய்வுக்கு இன்றும் நல்ல சோதனைக் களம். டேனியல் மிரிக், எட்வர்டோ சான்செஸ் இருவரும் மிகச் சிறு செலவில் இயக்கிய அந்தப் படம் உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் வசூலித்தது. விமர்சகர்களில் பெரும்பாலோர் கொண்டாடினார்கள். ஆனால் அரங்கை விட்டு வெளியே வருவோரிடம் கருத்துக் கேட்டு மதிப்பெண் தரும் சினிமாஸ்கோர் நிறுவனத்திடம் அது பெற்றது ‘சி பிளஸ்’ மட்டுமே. திகில் படங்களுக்கு அங்கே பொதுவாகவே மதிப்பெண் குறைவு என்பதைக் கணக்கில் கொண்டாலும், பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள் என்பது தெளிவு. உறைந்துபோய் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பக்கத்திலேயே சலித்துப்போய் நெளிந்தவர்களும் இருந்தார்கள். கேமராவின் ஆட்டம் தாளாமல் குமட்டி எழுந்து போனவர்களும் உண்டு. இத்தனைக்கும் தலைப்பில் உள்ள சூனியக்காரி படத்தில் ஒரு கணமும் தோன்றுவதில்லை. காட்டப்படாத ஒன்றுக்குச் சிலர் அஞ்சியதும் சிலர் அஞ்சாததும் ஏன்?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, ஆளைப் பொறுத்தது என்பது. சிலருக்கு நெஞ்சுரம் அதிகம், சிலருக்குக் குறைவு என்று ஊர் சொல்லும். உளவியலாளர் மார்வின் சக்கர்மேன் 1960களிலிருந்து வளர்த்தெடுத்த ‘சிலிர்ப்பு நாட்டம்’ என்ற அளவுகோல் இதையே நுட்பமாகச் சொன்னது: புதிய, கடுமையான அனுபவங்களைத் தேடிப் போகும் இயல்பு ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே மனிதர் ஒரு படத்துக்கு நடுங்கிவிட்டு அடுத்த படத்துக்குச் சிரிப்பதை இந்த விடையால் விளக்க முடியாது. இயல்பு மாறாமல் இருக்க, அச்சம் மட்டும் எப்படி மாறுகிறது? பார்வையாளரின் மனத்திடத்தைவிட, படம் ஓடும்போது அவர் எந்த இடத்தில் நின்று பார்க்கிறார் என்பதே அச்சத்தைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கான அடிப்படைக் கருவி தமிழ் உரை மரபிலேயே இருக்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு களன்களைச் சொல்கிறது. அந்த இயலுக்கு உரை எழுதியவர்கள் அதைவிட நமக்குப் பயன்படும் ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: மேடையில் ஒருவன் அஞ்சும்போது காண்பவனுக்கு என்ன நேர்கிறது? நடிப்பவன் செய்தது காண்போரைச் சென்று அடைவதே மெய்ப்பாடு என்று செயிற்றியம் என்ற பழைய நூல் சொல்லும் கருத்தை இளம்பூரணர் எடுத்துக்காட்டுகிறார். பேராசிரியர் என்ற இன்னோர் உரையாசிரியர் இங்கே தயங்காமல் குறுக்கே நிற்கிறார். கூரிய பற்களை உடைய அரிமாவைக் கண்டு ஒருவன் அஞ்சி ஓடிவருகிறான். அவனை இன்னொருவன் காண்கிறான். இந்த இரண்டாமவன் ‘இவன் அஞ்சினான்’ என்று அறிவதற்கு அரிமாவைத் தானும் காண வேண்டியதில்லை. அஞ்சியவனைக் கண்டவனுக்கு நகையோ கருணையோ பிறக்குமே அன்றி அச்சம் பிறக்காது. அரிமாவை அவனே கண்டிருந்தால் அது வேறு கதை.

பேராசிரியரின் இந்த மறுப்புக்கு நம் கலை ஆய்வில் கிடைத்திருக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம். மேலை மெய்யியலில் கெண்டால் வால்டன் 1978இல் எழுப்பிய கேள்வி, திரையில் பசைப் பூதம் பாய்ந்து வருவதைப் பார்த்துக் கூசும் பார்வையாளன் மெய்யாகவே அஞ்சுகிறானா என்பது. அது அச்சம் போன்ற ஒன்று, முழு அச்சமன்று என்றார் அவர். அந்த விவாதம் அஞ்சும் பார்வையாளனையே சுற்றி வந்தது. அஞ்சாதவனைப் பேராசிரியரின் சட்டகம் விளக்கிவிடுகிறது: அவன் அரிமாவைப் பார்க்கவில்லை, ஓடிவருபவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

திரைப்படம் இந்த இரண்டு இடங்களோடு மூன்றாவது ஒன்றையும் உண்டாக்கியது. அஞ்சுகிறவனின் தோளுக்குப் பின்னால் நின்று, இன்னும் கண்ணில் படாத அரிமாவைத் தேடுகிற இடம் அது. கேமரா முன்பக்கம் போய் முகத்தைக் காட்டினால் நாம் பேராசிரியர் சொன்ன காண்போர் ஆகிறோம். கேமரா பின்பக்கம் வந்து இருட்டைக் காட்டினால் தேடுவோர் ஆகிறோம். திகில் படத்தின் வேலை நம்மை இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு நகர்த்துவது. சிலர் நகர்கிறார்கள், சிலர் நகர்வதில்லை.

பிளேர் விட்ச் படத்தை இந்தக் கோணத்தில் பார்ப்போம். படம் எடுக்கப் போன மூன்று மாணவர்கள் மேரிலாந்து மாநிலக் காட்டில் காணாமல் போகிறார்கள். அவர்கள் எடுத்த பதிவுதான் நாம் பார்ப்பது. கேமரா எப்போதும் அஞ்சுகிறவர் கையில் இருக்கிறது. இரவில் கூடாரத்துக்கு வெளியே குழந்தைகளின் குரல் கேட்கும்போது திரை ஏறக்குறைய கறுப்பாகிறது. அங்கே முகம் இல்லை. இருட்டைத் துழாவுவதைத் தவிரப் பார்வையாளருக்கு வேறு வேலை இல்லை. இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்றும் படத்தில் உண்டு. மாணவர்களில் ஒருத்தியான ஹெதர் கேமராவைத் தன் பக்கம் திருப்பி, பாதி முகம் மட்டும் தெரிய, மூக்கு ஒழுக அழுதுகொண்டே பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அடுத்த ஆண்டே ‘ஸ்கேரி மூவி’ அந்தக் காட்சியைக் கேலி செய்து அரங்கைச் சிரிக்க வைத்தது. படத்தின் எத்தனையோ இருண்ட நிமிடங்களை விட்டுவிட்டு, அஞ்சியவரின் முகம் நிறைந்த அந்த ஒரு காட்சி கேலிக்கு வாகாக அமைந்தது தற்செயல் அன்று. அஞ்சினாரைக் கண்டால் நகை பிறக்கும் என்ற விதி அங்கே அப்படியே நடந்தது.

கடைசிக் காட்சி இன்னும் கூர்மையான சான்று. பாழடைந்த வீட்டின் நிலவறையில் மாணவர்களில் இன்னொருவனான மைக் சுவரின் மூலையைப் பார்த்தபடி, நமக்கு முதுகைக் காட்டி அசையாமல் நிற்கிறான். கேமரா கீழே விழுகிறது. படம் முடிகிறது. முன்னோட்டத் திரையிடல்களில் பார்த்தவர்களுக்கு இது விளங்கவில்லை. இயக்குநர்கள் அந்த முடிவை வைத்துக்கொண்டு, படத்தின் தொடக்கத்தில் ஊர்க்காரர் ஒருவரின் பேட்டியைச் சேர்த்தார்கள்: முன்னொரு காலத்தில் அங்கே குழந்தைகளைக் கொன்றவன் ஒரு குழந்தையை மூலையைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு மற்றதைக் கொல்வான். அந்தச் சொல்லை நினைவில் வைத்திருந்தவருக்கு மைக்கின் முதுகே போதும். அறையில் இன்னொருவர் இருக்கிறார் என்று அவரே தெரிந்துகொள்வார். தவறவிட்டவருக்கோ அது சுவரைப் பார்த்து நிற்கும் ஓர் இளைஞன். இருவருடைய நெஞ்சுரமும் ஒன்றாகவே இருக்கலாம். ஒருவர் முதல் பத்து நிமிடம் கூர்ந்து கேட்டார், இன்னொருவர் கேட்கவில்லை. ‘படத்தில் பயமே இல்லை’ என்ற பேச்சில் எவ்வளவு பங்கு கவனத்தைப் பற்றியது என்பதை நாம் விசாரிப்பதே இல்லை.

தேடும் இடத்தில் நிற்பதற்குக் கவனத்தோடு இன்னொன்றும் வேண்டும்: இல்லாததை மனக்கண்ணில் காணும் திறன். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. மனக்கண்ணில் எந்தக் காட்சியையும் வரவழைக்க முடியாத மனிதர்கள் உண்டு. அவர்களையும் மற்றவர்களையும் இருட்டறையில் அச்சக் கதைகளை வாசிக்கச் செய்து, தோலின் மின் கடத்தலை அளந்தார்கள். மற்றவர்களுக்குக் கதை வளர வளர அளவு ஏறியது. மனக்காட்சி இல்லாதவர்களுக்கு ஏறவில்லை. பிறகு அச்சமூட்டும் படங்களையே நேரில் காட்டியபோது இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே எதிர்வினை. அரிமாவைக் கண்ணில் காட்டினால் எல்லோரும் அஞ்சுகிறார்கள், தேடச் சொன்னால் சிலருக்குத் தேடும் கருவியே இல்லை என்றே இதைப் படிக்க வேண்டும். காட்டாமல் விடுவதே உயர்ந்த கலை என்று பேசும் விமர்சகர்கள் இந்தச் சோதனையை மனத்தில் கொள்வது நல்லது.

குழந்தைகள் விஷயத்தில் இந்த வேறுபாடு வயதோடு நகர்கிறது. கிளென் ஸ்பார்க்ஸ், ஜோன் கேன்டர் இருவரும் 1986இல் ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரை வைத்துச் செய்த ஆய்வில், பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைகள் நாயகன் பச்சை உருவமாக மாறிய பிறகு மிகவும் அஞ்சினார்கள். பெரிய குழந்தைகளின் அச்சம் அதற்கு முன்பு, நாயகன் ஆபத்தில் இருந்தபோது உச்சத்தில் இருந்தது. பச்சை உருவம் வந்ததும் அவர்களுக்கு நிம்மதி. சின்னவர்களுக்குக் கண்ணெதிரே உள்ள உருவமே அரிமா. இனி என்ன நடக்கும் என்று தேடிப் பார்ப்பது வளர்ந்த பிறகு வருவது. நம் தணிக்கை முறையில் 2024 முதல் யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று பிரிக்கப்பட்டிருப்பது நல்ல மாற்றம். ஆனால் ரத்தமே இல்லாமல் விகார முகத்தைக் காட்டும் படம் ஐந்து வயதுக் குழந்தையைப் பல இரவுகள் தூங்கவிடாது என்பதைப் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் தங்கள் இடத்தைத் தாங்களே மாற்றிக்கொள்ளவும் செய்கிறார்கள். டென்மார்க்கில் வெய்லே நகரத்தில் பணம் கட்டிப் போகும் ஒரு பேய் வீட்டில் மத்தியாஸ் கிளாஸன் குழுவினர் 280 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. அது திரைப்படம் அன்று, ஆனாலும் இங்கே பொருந்துகிறது. அச்சத்தைக் கூட்டிக்கொள்ள முனைந்தவர்கள் பயங்கரத்திலேயே மனத்தைச் செலுத்தினார்கள். குறைத்துக்கொள்ள முனைந்தவர்கள் ‘இது நிஜமில்லை’ என்று சொல்லிக்கொண்டார்கள், பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். இரு சாராரும் ஒரே அளவு நிறைவோடு வெளியே வந்தார்கள் என்பதுதான் முக்கியமான செய்தி. அஞ்சாதவர் அனுபவத்தை இழந்தவர் அல்லர். அவர் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியும் இடத்தை மாற்றும். டோல்ஃப் ஸில்மன் குழுவினரின் 1986ஆம் ஆண்டு ஆய்வில், உடன் அமர்ந்த பெண் நடுங்கியபோது ஆண்கள் திகில் படத்தை அதிகம் ரசித்தார்கள். உடன் அமர்ந்த ஆண் அசையாதிருந்தபோது பெண்கள் அதிகம் ரசித்தார்கள். அந்த ஆய்வு அளந்தது ரசனையை. இருந்தாலும், பக்கத்தில் அஞ்சுகிற ஒருவர் கிடைத்ததும் அந்த ஆண் திரையை விட்டு அவரைக் காணத் தொடங்குகிறான் என்று கொள்வது பொருத்தமாகவே படுகிறது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு உடலிலிருந்து வருகிறது. மூளையில் அமிக்டலா என்ற பகுதி இரு புறமும் சிதைந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி 2011இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாம்பையும் சிலந்தியையும் காட்டினார்கள். பேய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். திகில் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். அவர் அஞ்சவே இல்லை. ஒரு படம் பிடித்துப்போய், வாடகைக்கு எடுத்துப் பார்க்க அதன் பெயரைக் கேட்டார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் அவர் அஞ்சியிருக்க மாட்டார் என்பது உண்மை. ஆனால் 2013இல் அதே பெண்ணைக் கரியமில வாயு கலந்த காற்றை ஒரு முறை சுவாசிக்கச் செய்தபோது பீதியில் துடித்தார். அச்சத்துக்கு உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் உண்டு, திரைப்படம் அவற்றில் சிலவற்றையே பயன்படுத்துகிறது என்பதே இதிலிருந்து பெறத்தக்கது. திடீர் ஓசைக்குத் தூக்கிவாரிப் போடுவது வேறு. அது எந்த இடத்தில் நிற்பவருக்கும் வரும் அனிச்சைச் செயல். அதை அச்சத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது. படம் முழுக்கத் துள்ளிவிட்டு ‘பயமில்லை’ என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை.

தமிழ்ப் பேய்ப் படங்களை இந்தச் சட்டகத்தில் வைத்தால் ஒரு பழைய குற்றச்சாட்டு நேராகிவிடும். ராகவா லாரன்ஸின் ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) படங்களைப் பேய்ப் படம் என்ற பெயரில் வந்த நகைச்சுவை என்று தள்ளிவைப்பவர்கள் உண்டு. காஞ்சனாவின் நாயகன் பேய்க்கு நடுங்கி அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்பவன். கேமரா அவனை முன்னிருந்து காட்டுகிறது; அரங்கு சிரிக்கிறது. பிற்பாதியில் கொல்லப்பட்ட திருநங்கையின் கதை விரிகிறது, அரங்கு இரங்குகிறது. அஞ்சினானைக் கண்டு நகை, அணங்கின் கதையைக் கண்டு கருணை. இந்தப் படம் அச்சத்தில் தோற்றதாகச் சொல்வது பிழை. பார்வையாளரைக் காண்போர் இடத்தில் நிறுத்திவைக்க அது தெரிந்தே முடிவெடுத்தது, அந்த முடிவில் வென்றது. கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012) மற்ற இடத்தைத் தேர்ந்தது. பூட்டிய பங்களாவில் நாயகன் மைக்கேலின் கையில் ஒரு டார்ச் விளக்கு. அதன் வட்டம் படும் இடம் மட்டுமே நமக்கும் தெரியும். அந்த இரவு முழுவதும் அவன் கட்டிய கதை என்று பின்னால் தெரியவருகிறது. ஆனால் பார்த்த நேரத்து அச்சத்தை அது திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. நம்பினால்தான் அஞ்சுவோம் என்ற எளிய கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்ப் பார்வையாளர்களிடம் இத்தகைய ஆய்வைத் தொடங்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘பயந்தீர்களா, இல்லையா’ என்று வினாத்தாளில் கேட்காதீர்கள். படத்தைக் குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தி, ‘இந்த நொடியில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?’ என்று கேளுங்கள். முகத்தை என்றவர்களையும் இருட்டை என்றவர்களையும் தனித்தனியாக எண்ணுங்கள்.