மைசூர் அரண்மனையும் மழலையர் ஆடுபலகையும்

குழந்தையின் விளையாட்டை வீண்பொழுது என்று கருதுவோர் உளர். ஆயினும் தன் முறை வரும்வரை காத்திருத்தல், விதிக்குக் கட்டுப்படுதல், தோல்வியைத் தாங்குதல் ஆகிய மூன்றையும் குழந்தை முதன்முதலில் பயில்வது ஆடுபலகையின் முன்னர்தான். அவ்வாறாயின், மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள, பள்ளிப் பருவம் எய்தாத மழலைக்கு எந்தப் பலகை ஏற்றது? இவ்வினாவுக்கு விடை காண, தமிழர் பலர் குடியேறி வாழும் மைசூர் நகரின் வரலாறே நமக்குத் துணை செய்கின்றது.

1799 ஆம் ஆண்டு மே மாதத்தில் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபின், ஆங்கிலேயர் உடையார் குலத்தை மீண்டும் அரியணையில் அமர்த்தினர். அவ்வாண்டு முடிசூடிய மும்மடி கிருஷ்ணராஜ உடையாருக்கு அப்பொழுது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. 1831 இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பை அவரிடமிருந்து பறித்துக் கொண்டனர். அதன்பின் 1868 இல் மறையும்வரை கலைகளையும் நூல்களையும் புரந்து வந்த அம்மன்னர், விளையாட்டையும் ஒரு கலையாகவே போற்றினார். அவர் தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூல் ஒன்பது நிதிகளாக வகுக்கப்பட்டது. அவற்றுள் இறுதியான கௌதுக நிதி ஆட்டங்களுக்கென்றே அமைந்தது. சதுரங்கக் குதிரை அறுபத்து நான்கு கட்டங்களிலும் ஒவ்வொரு முறை மட்டுமே கால்வைத்துச் சுற்றிவரும் புதிர்களை அவர் அமைத்தார். 1861 இல் எழுந்த ஜகன்மோகன அரண்மனையின் சுவர்களில் ஆட்டக் கட்டங்கள் ஓவியங்களாகத் தீட்டப்பெற்றன.

மன்னர் போற்றிய கலை மக்களுடைய திண்ணையிலும் தழைத்ததே. நாம் பல்லாங்குழி என்பதைக் கன்னடர் அளகுளி மணெ என்பர். நம் சொக்கட்டான் அவர்க்குப் பகடெ. ஐந்துக்கு ஐந்து கட்டமிட்டு நான்கு சோழிகளை உருட்டி ஆடும் சௌகாபாரா, நம் தாயக்கட்டத்தின் நெருங்கிய உறவு. பகடையின் வடநாட்டு வடிவமாகிய பச்சீசியைப் பின்பற்றியே இங்கிலாந்தில் லூடோ உருவாகி 1896 இல் காப்புரிமை பெற்றது. நம் பரமபத சோபானத்தின் இனத்தைச் சேர்ந்த ஆட்டமே அங்குப் பாம்பும் ஏணியும் ஆயிற்று. இன்று கடையில் வண்ணப் பெட்டிகளில் வாங்குவனவற்றுள் சில, நம் பாட்டிமார் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தவையே.

இனி, இவற்றுள் மழலைக்கு உரியது எது என்று தேர்வோம். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் இருபத்து மூன்று புள்ளிகளில் போராடுகின்றன. எதிராளியின் அடுத்த நகர்வை முன்கூட்டியே உணர்ந்தாலன்றி இதனை ஆட இயலாது. இது ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு உரியது. தாயமும் பகடையும் நெடுநேரம் ஆடுவன. வெட்டுண்ட காய் மீண்டும் தொடக்கத்திலிருந்து புறப்படவேண்டும் என்னும் விதி, நான்கு வயதுக் குழந்தையை அழவைத்துவிடும். ஆதலின் ஒரே காயும் வெட்டில்லாத விதியும் கொண்டு ஆடுவதே தொடக்கத்தில் நலம். பரமபதத்தில் தேர்ந்தெடுக்க வேண்டுவது ஒன்றும் இல்லை. எண்ணி நகர்த்தினாற் போதும். அவ்வகையில் அது குழந்தைக்கு எளியது. ஆனால் நூறு கட்டத்தைக் கடக்கும் பொறுமை மழலைக்கு இராது. இருபது முப்பது கட்டங்களில் நாமே ஒரு சிறு படம் வரைந்து கொடுப்பது தக்கது.

எல்லாவற்றினும் இப்பருவத்திற்கு இயைந்தது பல்லாங்குழியே என்பது நம் துணிபு. வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் உள்ள இப்பலகை, வயதுக்கேற்ப வளர்வது. மூன்று வயதில் குழிக்கு ஒரு புளியங்கொட்டை இட்டு எண்ணினாலே போதும். நான்கு வயதில் ஒரு குழியிலுள்ளவற்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக விதைத்துச் செல்லலாம். ஐந்து வயதில், ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு' என்று எடுத்துக்கொள்ளும் விதியைச் சேர்த்துக்கொள்ளலாம். பலகை மாறவில்லை, குழந்தையின் அறிவே வளர்கின்றது.

எண்ணிக்கொண்டே நகர்த்துவதன் பயனை இக்கால ஆய்வும் வலியுறுத்துகின்றது. 2008 இல் அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், வறிய குடும்பத்து மழலையர் ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட நேர்கோட்டுப் பலகையில் நான்கு முறை, முறைக்குக் கால்மணி நேரம் போல ஆடினர். அவர்களுடைய எண்ணறிவு உயர்ந்தது. சில வாரங்களுக்குப் பின்னும் அவ்வுயர்வு நிலைத்தது. எண்ணுக்கு மாறாக வண்ணங்களைக் கொண்ட பலகையில் ஆடியவர்க்கு அத்தகைய பயன் விளையவில்லை. ஆகவே பலகையின் விலையினும், ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி ஆடுவதே முதன்மையானது.

ஆடுபொருளைத் தேர்வதிலும் எச்சரிக்கை வேண்டும். எதனையும் வாயிலிடும் குழந்தைக்குச் சோழியும் புளியங்கொட்டையும் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. பெரியவர் அருகிருந்தே ஆடவேண்டும். ஆட்டம் முடிந்ததும் எண்ணிச் சேர்த்து எடுத்து வைக்க வேண்டும். குன்றிமணி நஞ்சுடையது, அதனை வீட்டிலேயே வைத்தல் கூடாது. மிகச் சிறியவர்க்குப் பெரிய மரக்காய்களே ஏற்றவை. மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையிலுள்ள சன்னபட்டணம் அரக்குப் பூசிய மரப்பொம்மைகளுக்குப் பெயர்பெற்றது. வாயில் நுழையாத அளவுடையவற்றைத் தேர்ந்து காயாகக் கொள்ளலாம்.

அன்பர்களே, பிற மொழி நிலத்தில் வளரும் நம் குழந்தைக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்னும் தமிழ் எண்கள் பள்ளியில் கிடைப்பது அரிது. அவற்றை வீட்டில்தான் நாம் கொடுத்தாக வேண்டும். பாடமாக வற்புறுத்தினால் குழந்தை விலகி ஓடும். பல்லாங்குழியின் முன் அமர்த்தினால் தானே எண்ணிக் கேட்கும். பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளையும் உடன் அமர்ந்து ஒந்து, எரடு, மூரு என எண்ணுமானால் இரு மொழியும் ஒரே பலகையில் கைகோக்கும். அத்தகைய பலகை ஒன்று நம் ஒவ்வொருவர் இல்லத்திலும் இருத்தல் வேண்டும். மாலைப்பொழுதில் கால்மணி நேரம் அதற்கென ஒதுக்கவும் வேண்டும்.