செல்பேசிக்கு ஒரு புனைபெயர்

திண்டுக்கல்லில் கிளம்பும் பழனி பஸ் ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒட்டன்சத்திரம் சேர்வதற்குள், பயணிகளின் செல்பேசிகள் டவர் விட்டு டவர் மாறிவிடுகின்றன. யாரும் பேசாவிட்டாலும் செல்பேசி தான் இருக்கும் பகுதியை நெட்வொர்க்குக்கு அவ்வப்போது சொல்லியாக வேண்டும். இல்லையேல் அழைப்பு வந்து சேராது. அப்போது அது எந்தப் பெயரைச் சொல்கிறது?

சிம் கார்டுக்குள் ஐ.எம்.எஸ்.ஐ. என்றொரு எண் உண்டு. போன் நம்பர் வேறு, இது வேறு. பொதுவாக 15 இலக்கம். முதல் 3 இலக்கம் நாட்டைக் குறிக்கும் (இந்தியாவுக்கு 404, 405), அடுத்தது நிறுவனம், மீதி சந்தாதாரர். இதைக் காற்றில் அப்படியே அனுப்பினால், தகுந்த ரேடியோ கருவி வைத்திருப்பவர் ஆளைப் பின்தொடரலாம். 1980களில் ஐரோப்பாவில் ஜி.எஸ்.எம். முறையை வகுத்தவர்கள் இதை உணர்ந்தே இருந்தார்கள். எனவே டி.எம்.எஸ்.ஐ. என்ற தற்காலிக எண்ணைப் புகுத்தினார்கள். நெட்வொர்க் அதைச் சங்கேத முறையில் செல்பேசிக்குக் கொடுக்கும். இடம் மாறினால் எண்ணும் மாறலாம். நல்ல யோசனைதான்.

ஆனால் ஓர் ஓட்டையும் கூடவே வந்தது. "தற்காலிக எண் தெரியவில்லை, உண்மை எண்ணைச் சொல்" என்று டவர் கேட்டால் செல்பேசி சொல்லிவிடும். கேட்பது நிஜ டவர்தானா என்று சோதிக்க ஜி.எஸ்.எம்.மில் வழியே இல்லை. சிம்தான் தன்னை நிரூபிக்க வேண்டும், டவர் அல்ல! 1990களிலேயே ஜெர்மனியின் ரோடே அண்டு ஷ்வார்ஸ் நிறுவனம் இதைப் பயன்படுத்தும் கருவியைச் செய்தது. தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கும் பாதயாத்திரைக் கூட்டத்தின் ஓரத்தில் அப்படியொரு பெட்டியை வைத்தால், சுற்றியுள்ள செல்பேசிகளின் பட்டியல் கையில் வந்துவிடும்.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசி இந்தியாவில் செல்பேசியைத் தொடங்கி வைத்தபோது, இந்த ஓட்டையும் சேர்ந்தே இறக்குமதியானது. 2010 ஏப்ரலில், செல்பேசி நிறுவனத்தின் உதவியில்லாமலே காற்றிலிருந்து பேச்சைப் பிடிக்கும் கருவிகளால் அரசியல் தலைவர்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதாக 'அவுட்லுக்' இதழ் எழுதியது. எதற்கும் அரசு அனுமதி தரவில்லை என்று உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் நாடாளுமன்றத்தில் மறுத்தார்.

3ஜியில் நெட்வொர்க்கும் தன்னை நிரூபிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அந்தச் சோதனைக்கு முன்பே உண்மை எண்ணைக் கேட்க முடிந்தது. 4ஜியிலும் அதே கதை. 2018இல் வெளியான 5ஜி தரத்தில்தான் சந்தாதாரர் பகுதியைச் சங்கேதமாக்கி அனுப்பும் வழி வந்தது. இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அதிலும் இந்த வசதியைச் செயல்படுத்துவது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 5ஜி சிக்னல் போனால் செல்பேசி 4ஜிக்கு இறங்கிவிடும். அங்கே கேட்டால், ஐ.எம்.எஸ்.ஐ. எண்ணை இன்றும் அப்படியே சொல்லிவிடும்.